அடி தாவலா, அடி தாண்டலா? (வியாழனுக்குள் வேண்டும்)

ரோஸ்ஹில்லிலிருந்து:
மொரீஷியஸ் தமிழாசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம். யாப்பும் தொடையும் பற்றிய பயிற்சித்தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. எதுகை, மோனை, இயைபு எழுதியாயிற்று. ஓரடியில் முடியாத தொடர் அடுத்த அடிக்குள் ஓடுகிறதே, பிள்ளைகள் பிரெஞ்சு வகுப்பில் 'ஆன்ஜாம்ப்மான்' என்று படிப்பது, அதற்கு என்ன பெயர் போடலாம்?

மோக்காவிலிருந்து:
அக்கா, 'வகையுளி' இருக்கிறதே?

போர்ட் லூயியிலிருந்து:
தம்பி, வகையுளி என்பது சீருக்காகச் சொல்லைப் பிரிப்பது. அக்கா கேட்பது அடியின் எல்லை. 'யாற்றுநீர்' என்பதும் பொருந்தாது. பாட்டுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் சொல்லும் 8 பொருள்கோளில் அது ஒன்று. பாட்டு முழுக்கப் பொருள் நேராக ஓடுவதற்குப் பெயர்.

பிரெஞ்சில் 'ஜாம்ப்' என்றால் கால். காலை எட்டி வைத்துக் கடப்பதுதான் அந்தச் சொல். நம்மிடம் பாட்டின் வரிக்கே 'அடி' என்று பெயர்! ஆகவே 'அடி தாவல்'. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையைப் பாருங்கள்:

மூவுலகும் ஈரடியான் முறைநிரம்பா வகைமுடியத்
தாவியசே வடிசேப்பத் தம்பியொடுங் கான்போந்து

உலகளந்தவன் கால் தாவும் இடத்திலேயே தொடரும் அடுத்த அடிக்குத் தாவுகிறது. மூவு, தாவி என்று எதுகை இரண்டு அடியையும் பிடித்துக்கொள்கிறது. தம்பி கேட்ட வகையுளியும் அங்கேயே உண்டு. 'சேவடி' என்ற சொல் 'தாவியசே', 'வடிசேப்ப' என்று இரண்டு சீரில் பிரிந்து நிற்கிறது.

கத்ர் போர்னிலிருந்து:
ஐயா, படிக்க அருமை. ஆனால் என் வகுப்பில் 'தாவல்' என்றால் குதிப்பது என்றுதான் புரிந்துகொள்வார்கள். 'தாண்டல்' தேவலை. அதைவிட, தெரிந்த ஆன்ஜாம்ப்மானையே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன? வாரத்தில் சில பாடவேளைதான் தமிழ். அதில் இன்னொரு புதுச்சொல் வேண்டுமா?

ரோஸ்ஹில்லிலிருந்து:
அப்படிப் போட்டால் இது நம்மிடம் இல்லாத சரக்கு என்று நினைத்துவிடுவார்கள். முதல் குறளிலேயே இருக்கிறது. 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்று அடி முடிகிறது. 'பகவன்' அடுத்த அடியில். பரிமேலழகர் ஒரே தொகைச்சொல்லாகக் கொண்ட 'ஆதிபகவன்' இரண்டு அடியில் நிற்கிறான். 1830இல் பாரிசில் விக்டர் ஹ்யூகோவின் 'எர்னானி' நாடகம் அரங்கேறியபோது, 'மறைவான படிக்கட்டு' என்ற பிரெஞ்சுத் தொடரில் 'படிக்கட்டு' ஓரடியின் கடைசியிலும் 'மறைவான' அடுத்த அடியின் தொடக்கத்திலும் வந்ததற்கே அரங்கில் கூச்சல் எழுந்தது.

மோக்காவிலிருந்து:
அங்கே அது விதிமீறல், அதனால் பெயர் வந்தது. வள்ளுவருக்கு இது இயல்பான நடை. அகவலிலும் அடிக்கு அடி இப்படித்தான் ஓடுகிறது. இயல்பாக நடப்பதற்குத் தனிப்பெயர் எதற்கு?

ரோஸ்ஹில்லிலிருந்து:
தம்பி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்குச் சுட்டிக்காட்ட ஒரு சொல் வேண்டும். நேரமில்லை. 'அடி தாண்டல்' என்று போடுகிறேன், பிரெஞ்சுச் சொல்லும் பக்கத்திலேயே இருக்கும்.

கத்ர் போர்னிலிருந்து:
சரி.

போர்ட் லூயியிலிருந்து:
போடுங்கள். நான் 'தாவல்' என்றுதான் சொல்லித்தருவேன். அந்தச் சிலம்பு அடிகளையும் தாளில் சேருங்கள் அம்மா. அச்சில் 'தாவிய சேவடி' என்று சேர்த்துவிட வேண்டாம், சீர் பிரித்தபடியே வரட்டும்.