ஒன்பதாம் வகுப்புப் பையன், "நான் மக்கு, விடும்மா" என்கிறான்

மதுரைக்காரி:
மகனுக்கு 14 வயது. வகுப்பில் கணக்குப் பேப்பரை மார்க் வரிசையில்தான் கொடுக்கிறார்களாம். இவன் முறை வரும்போது வாத்தியார் கையில் நாலைந்து பேப்பர்தான் மிச்சம் இருக்கும். இப்போதெல்லாம் கூப்பிடும் முன்பே எழுந்து நின்றுவிடுகிறானாம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். வீட்டில் நாங்கள் திட்டியதில்லை. போன வாரம் மிக்ஸி நின்றுபோனது. கழற்றிப் பார்த்து, கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று கடையில் வாங்கி வந்து அவனே மாட்டினான். "இதுல மட்டும் நல்லா புத்தி வேலை செய்யுது" என்றேன். அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளியில் போய்ப் பேசட்டுமா, இல்லை அது இன்னும் அவமானமா?

சாக்பீஸ்:
நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். 20 வருடத்துக்கு மேல் நானும் அப்படித்தான் கொடுத்தேன், ரோஷம் வந்து படிப்பான்கள் என்று. வந்ததில்லை. 2017-ல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்திவிட்டது; வகுப்பறைக்குள் இன்னும் ஓயவில்லை. போய்ப் பேசுங்கள் அம்மா. பையனை வைத்துக்கொண்டு வேண்டாம். "எல்லாருக்கும் ரோல் நம்பர்படி கொடுக்கலாமா சார்" என்று மட்டும் கேளுங்கள்.

கயல்:
அக்கா, எனக்கு அந்த "மட்டும்"தான் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் "கோலத்துல மட்டும் கெட்டிக்காரி" என்பார்கள். மற்றதெல்லாம் பூஜ்யம் என்றுதான் என் காதில் விழும். சுயமதிப்பை அளக்க ரோசன்பெர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1965-ல் வெளியிட்ட 10 வாக்கியங்களைக் கல்லூரியில் படித்தோம். மார்க் பற்றி ஒன்றுகூடக் கிடையாது. மற்றவர்கள் அளவுக்கு என்னாலும் செய்ய முடியும் என்பது அதில் ஒன்று. அதற்கு மிக்ஸி போதுமே! சும்மா "சூப்பர்டா" என்றால் இந்த வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். எப்படிச் சரி செய்தாய் என்று கேளுங்கள். சாப்பாடு, தூக்கம் தொடர்ந்து குறைந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மதுரைக்காரி:
நேற்றுக் கேட்டேன். இருபது நிமிடம் பேசினான்! பிரஷ் தேய்ந்தால் உள்ளே தீப்பொறி பறக்குமாம். பழைய துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான், புளியங்கொட்டை அளவுகூட இல்லை. "இவ்வளவு தெரிஞ்சவன் கணக்குல..." என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன் சார்.