நியூமெரிக் பேஜர் பீப் அடிக்கவே மாட்டேங்குது: எம்எம்டிவிஎம் ஹாட்ஸ்பாட், சேலம், 434.900

அஸ்தம்பட்டி அலை

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது: ராஸ்பெர்ரி பை ஜீரோ, அது மேல ஒத்தை ஆன்டெனா எம்எம்டிவிஎம் ஹாட்ஸ்பாட் போர்டு (டிஜிட்டல் ஹாம் சிக்னலை அனுப்பி வாங்குற குட்டி ரேடியோ, ஏடிஎஃப்7021 சிப்), செகண்ட் ஹேண்டில் வாங்கின யுஎச்எஃப் நியூமெரிக் பேஜர் ஒண்ணு. பேஜர் சின்தசைஸர் வகை, பட்டன்லயே ஃப்ரீக்வென்சி மாத்தலாம். 434.900 மெகாஹெர்ட்ஸ் வச்சாச்சு, 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்). கேப்கோட் (பேஜரோட முகவரி எண்) ஏழு இலக்கம், கடைசி மூணு 431. ஹாம் லைசென்ஸ் இருக்கு.

ஹாட்ஸ்பாட்ல டிஎக்ஸ் (அனுப்புறது), ஆர்எக்ஸ் (வாங்குறது) ரெண்டும் 434.900. அதே ஃப்ரீக்வென்சியில டிஎம்ஆர் (டிஜிட்டல் பேச்சு மோடு) சுத்தமா ஓடுது. பேஜ் அனுப்பினா போர்டுல டிஎக்ஸ் எல்இடி எரியுது, பேஜர் மட்டும் கல்லு மாதிரி கிடக்குது. கேப்கோடைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாச்சு. எங்கே தப்பு?

சரியாயிட்டா ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன். நாகலூர் பக்கம் சித்தப்பா எஸ்டேட்ல மேஸ்திரியைக் கூப்பிடவும் ஆகும்.

லீபஜார் சாலிடர்

எல்இடி எரியுதுன்னா எதையோ அனுப்புது. எந்த ஃப்ரீக்வென்சியில அனுப்புதுங்கிறதுதான் கேள்வி.

எம்எம்டிவிஎம் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பாருங்க. 'இன்ஃபோ' பகுதியில நீங்க போட்ட 434.900 டிஎம்ஆர் மாதிரியான மோடுகளுக்கு. கீழே 'போக்சாக்' (பேஜருக்குச் செய்தி அனுப்புற சிக்னல் முறை) பகுதியில தனியா ஒரு 'ஃப்ரீக்வென்சி' வரி இருக்கும். நீங்க தொடாம விட்டிருந்தா அதுல 439987500னு இருக்கும். ஐரோப்பாவுல ஹாம் பேஜிங்குக்கு வச்சிருக்கிற 439.9875 அது. பேஜ் போகும்போது போர்டு அங்கே தாவி அனுப்பிட்டு திரும்பி வந்துடும். உங்க பேஜர் 434.900ல காத்துக்கிட்டே இருக்கும்.

இது வெறும் செட்டிங் கோளாறு இல்லைங்க. நம்ம ஊர்ல 70 சென்டிமீட்டர் ஹாம் பேண்ட் 434 முதல் 438 வரைதான். 439.9875 அதுக்கு வெளியே. லைசென்ஸ் இருந்தாலும் அங்கே அனுப்பக் கூடாது. முதல்ல அந்த வரியை மாத்துங்க: 434900000, கமா புள்ளி எதுவும் வேண்டாம், ஹெர்ட்ஸ் கணக்கு.

434.900 நல்ல தேர்வு. 435ல இருந்து 438 வரை சாட்டிலைட் ஆட்களோட இடம். 433.92ஐச் சுத்தி கார் ரிமோட், காலிங் பெல் கூச்சல். நடுவுல இருக்கிற இந்தச் சந்துதான் அமைதி.

சூரமங்கலம் எஸ்டிஆர்

அண்ணன் சொன்னதை மாத்தினதும் காதால நம்பாம கணினியில பாருங்க. ஆர்டிஎல் டாங்கிள் (யுஎஸ்பியில மாட்டுற ரிசீவர்) இருந்தா ஆர்டிஎல் எஃப்எம் நிரலை 434.9ல, 22050 சாம்பிள் ரேட்ல ஓட்டி, அவுட்புட்டை மல்ட்டிமான் என்ஜிங்கிற டீகோடர் நிரலுக்குக் கொடுங்க. போக்சாக் 512, 1200, 2400 மூணையும் டிக் பண்ணுங்க. கேப்கோட், ஃபங்ஷன் (எந்த வகைச் செய்தின்னு சொல்ற எண்), செய்தி மூணும் திரையில வந்துட்டா அனுப்புற பக்கம் சரி, மிச்சம் பேஜர் பக்கம்.

மல்ட்டிமான்ல தலைகீழ் ஆப்ஷன் போட்டாத்தான் தெரியுதுன்னா போலாரிட்டி மாறிக்கிடக்கு. போக்சாக்ல 0 மேல் பக்கம் 4.5 கிலோஹெர்ட்ஸ், 1 கீழ்ப் பக்கம் 4.5. தலைகீழா அனுப்பினாலும் முன்னோட்டம் (பேஜரை எழுப்புற ஆரம்ப பிட்கள்) 1010னுதான் போகும்கிறதால பேஜர் முழிச்சுக்கும். அடுத்து வர்ற சிங்க் சொல் (தொகுப்பு எங்கே தொடங்குதுன்னு காட்டுற குறி) பொருந்தாததால பேசாம மறுபடி தூங்கிடும். வெளியில இருந்து பார்த்தா செத்த பேஜருக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது.

அஸ்தம்பட்டி அலை

லீபஜார் அண்ணா, அதேதான்! 439987500னு அப்படியே உட்கார்ந்திருந்தது. மாத்தினதும் பீப் அடிச்சுது. மல்ட்டிமான்லயும் நேரா வருது.

இப்போ புதுப் பிரச்சினை. ஆங்கிலத்துல 'ஹாய்'னு ரெண்டே எழுத்து, ஹெச்சும் ஐயும், அனுப்பினேன். பேஜர் திரையில "8 420"னு வருது. எட்டு, ஒரு இடைவெளி, நாலு ரெண்டு சைபர். பேஜர் ரிப்பேரா?

சூரமங்கலம் எஸ்டிஆர்

பேஜர் நல்லாவே இருக்குங்க. நீங்க அனுப்பின எழுத்தை அது எண்ணா வாசிக்குது, அவ்வளவுதான். கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

எழுத்துச் செய்தி 7 பிட் ஆஸ்கி, கடைசி பிட் முதல்ல போகும். ஹெச் 1001000, திருப்பினா 0001001. ஐ 1001001, திருப்பினாலும் அதேதான். ரெண்டையும் ஒட்டினா 00010011001001, 14 பிட். ஒரு குறிச்சொல்லுல (செய்தியை வெட்டி அனுப்புற பிட் துண்டு) செய்திக்கு 20 பிட் இடம், மீதி ஆறுல சைபர். நியூமெரிக் பேஜர் இதை நாலு நாலா வெட்டும்: 0001, 0011, 0010, 0100, 0000. இங்கேயும் முதல் பிட்டுக்குத்தான் மதிப்பு 1, அடுத்தது 2, 4, 8. அப்போ 8, 12, 4, 2, 0. பன்னிரண்டுங்கிறது போக்சாக் எண் அட்டவணையில இடைவெளி. "8 420" வந்துடுச்சா?

பேஜர் ஒரு பிட்டைக்கூடத் தவறவிடலைன்னு இதுலயே தெரியுது.

எண்ணா அனுப்பணும்னா ரிமோட் கமாண்ட்ல 'பேஜ்'க்குப் பதிலா 'பேஜ்' அடிக்கோடு 'பிசிடி'னு இருக்கிற கட்டளையைப் போடுங்க. பின்னாடி கேப்கோட், அப்புறம் எண். கான்ஃபிக்ல ரிமோட் கன்ட்ரோல் எனேபிள் 1 ஆக இருக்கணும். அது ஃபங்ஷன் 0ல நாலு பிட் எண்ணா அனுப்பும். சாதாரண 'பேஜ்' ஃபங்ஷன் 3, எழுத்துப் பேஜருக்கானது. எண் பேஜர்ல 0 முதல் 9, இடைவெளி, ஹைபன், ரெண்டு அடைப்புக்குறி, அவசரத்துக்கு ஒரு 'யு'. இவ்வளவுதான் எழுதலாம்.

கன்னங்குறிச்சி வியூ

இழையைத் தேடி வர்றவங்களுக்காக ஒண்ணு. பழைய பேஜர் வாங்கும்போது பின் ஸ்டிக்கரைப் படிங்க. ஃபிளெக்ஸ்னு அச்சடிச்சிருந்தா விட்டுடுங்க, அது வேற மொழி, போக்சாக் அதுக்குப் புரியாது. 512 பாட்னு இருந்தாலும் இந்த ஹாட்ஸ்பாட்டுக்கு ஆகாது, எம்எம்டிவிஎம் 1200 மட்டும்தான் அனுப்பும். கிறிஸ்டல் வச்ச (பட்டன்ல ஃப்ரீக்வென்சி மாத்த முடியாத) பேஜர், பேண்டுக்கு வெளியே ஃப்ரீக்வென்சின்னா ஷோகேஸ்ல வைக்கலாம்.

செல் போடுற இடத்துல பச்சை பூத்திருந்தா ஐசோப்ரோப்பைல் நனைச்ச பட்ஸால துடைச்சிட்டு, அல்கலைன் செல் போடுங்க. ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்ங்கிறதால சில பேஜர் போட்டதுமே 'பேட்டரி லோ'ன்னு கத்தும்.

அஸ்தம்பட்டி அலை

எண் வருது! 12345 அனுப்பினா 12345. ஆனா பத்துக்கு மூணு நாலு விட்டுப்போகுது. பேஜரும் ஹாட்ஸ்பாட்டும் ஒரே மேஜை மேல, நடுவுல ஒரு சாண் தூரம். இவ்வளவு கிட்ட இருந்தும் ஏன்?

லீபஜார் சாலிடர்

கிட்ட இருக்கிறதும் ஒரு காரணம். ஒரு சாண்ல ரிசீவரோட முன்பகுதி திணறிடும். நாலு மீட்டர் தள்ளி வைங்க, பேஜரைப் படுக்கப் போடாம இடுப்புல மாட்டுற மாதிரி நிமிர்த்தி வைங்க. உள்ளே இருக்கிறது சின்ன லூப் ஆன்டெனா, படுத்தா காது மந்தம்.

இன்னொண்ணு கிறிஸ்டல் விலகல். இந்த போர்டுகள்ல 2 பிபிஎம் (பத்து லட்சத்துல 2 பங்கு) தப்பு இருந்தாலே 435ல 870 ஹெர்ட்ஸ் நகர்ந்துடும். டிஎம்ஆர் ரேடியோ அதைச் சகிச்சுக்கும். பேஜரோட வடிகட்டி குறுகலா இருந்தா ஓரத்துல வெட்டிடும். 'மோடம்' பகுதியில டிஎக்ஸ் ஆஃப்செட்னு இருக்கு. மைனஸ் 2000ல ஆரம்பிச்சு 250, 250 ஆக ஏத்திக்கிட்டே ஒவ்வொரு படியிலயும் பத்து பேஜ் அனுப்புங்க. எங்கே பத்தும் வர ஆரம்பிக்குது, எங்கே விட ஆரம்பிக்குதுன்னு ரெண்டு ஓரத்தையும் குறிச்சு நடுவை எடுங்க. சிக்னல் பலமா இருந்தா ஓரமே தெரியாது, எல்லாத்துலயும் வந்துடும். அதனால பேஜரை இரும்பு பீரோவுக்குள்ள வச்சு, கதவை விரல் நுழையிற அளவு திறந்து விட்டுட்டு இதைச் செய்யுங்க. தகர டப்பாவை விட பீரோ வசதி, கதவு இடுக்கை வச்சே சிக்னலைக் கூட்டிக் குறைக்கலாம்.

டிஎம்ஆர் கூடவே ஓடுதா? யாராவது பேசி முடிச்சதும் மோடு ஹேங் நேரம் (போர்டு அதே மோடுல காத்திருக்கிற நேரம்) தீர்ற வரைக்கும் பேஜ் வரிசையில நிக்கும். அது தொலையலை, தாமதம். குழப்பிக்க வேண்டாம். பரிசோதனை முடியிற வரைக்கும் டிஎம்ஆரை அணைச்சு வைங்க.

ஏற்காடு அடிவாரம்

எஸ்டேட் விஷயத்தை யாரும் தொடலை, அதனால நான் சொல்றேன். ஹாம் லைசென்ஸ்ல மேஸ்திரியைக் கூப்பிடுறது, லோடு வந்தாச்சுன்னு சொல்றது எதுவும் ஆகாது தம்பி. அமெச்சூர் சேவை சுய பயிற்சிக்கும் சோதனைக்கும்தான், தொழில் வேலைக்கு இல்லை. சித்தப்பாவுக்கு வேணும்னா எஸ்டேட் பேர்ல டபிள்யூபிசியில (மத்திய அரசோட வயர்லெஸ் லைசென்ஸ் பிரிவு) தனி லைசென்ஸ் கேட்கணும், ஃப்ரீக்வென்சியும் அவங்க கொடுப்பாங்க. நீங்க கையில வச்சுப் பார்க்கிறதுக்கு இது போதும். பேஜ்ல கால்சைன் (உங்க ஹாம் அடையாளக் குறி) போகாதுங்கிறதால கான்ஃபிக்ல மோர்ஸ் ஐடியையும் போட்டு வைங்க.

ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு சொன்னீங்களே. ஹாட்ஸ்பாட் 10 மில்லிவாட். கேட்டா சிரிப்பாங்க. ஆனா அஸ்தம்பட்டியில இருந்து ஏற்காடு மலை விளிம்புல இருக்கிற லேடீஸ் சீட்டுக்கு நேர்கோட்டுல 12 கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டா, மறைப்பில்லாத வெளியில 10 மில்லிவாட்டுக்கு மீட்டருக்கு சுமார் 45 மைக்ரோவோல்ட் வருது. பேஜருக்குப் பொதுவா 10க்குக் கீழே போதும். அதனால பவர் ஆம்ப் தேடாதீங்க, பார்வை தேடுங்க. உங்க மொட்டை மாடியில இருந்து மலை விளிம்பு கண்ணுக்குத் தெரிஞ்சா அந்த விளிம்புல பேஜர் அடிக்க வாய்ப்பு இருக்கு. ஏரிப் பக்கம் இறங்கினா மேடு மறைச்சிடும், அங்கே 5 வாட் போட்டாலும் நிச்சயமில்லை. நாகலூரைக் கணக்குலயே எடுக்காதீங்க. மலைப் பாதையில 20 கொண்டை ஊசியிலயும் விட்டு விட்டுத்தான் வரும்: சேலம் தெரியுற வளைவுல அடிக்கும், பாறை பக்கம் திரும்பினா போயிடும்.

ரூமுக்குள்ள ரப்பர் ஆன்டெனாவோட வச்சா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மாடிக்கு ஏத்தணும். ஆர்ஜி58 கேபிள் 10 மீட்டர் இழுத்தா பாதிக்கு மேல பவர் கேபிள்லயே போயிடும். அதனால போர்டையே டப்பாவுல போட்டு மேலே கொண்டு போங்க. 5 வோல்ட்டை மெல்லிய வயர்ல ஏத்தினா பை ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருக்கும். 12 வோல்ட் ஏத்தி, மேலே பக் கன்வெர்ட்டர்ல 5 ஆக இறக்குங்க. ஆன்டெனாவுக்கு எஸ்எம்ஏ சாக்கெட்டுல நடுக்கம்பி 16.4 சென்டிமீட்டர், கீழே 45 டிகிரி சாய்வுல நாலு கம்பி 17.5 வீதம். டப்பாவை தண்ணி டேங்க் நிழல்ல வைங்க, சித்திரை வெயில்ல கிறிஸ்டல் நகரும். ஆனா டேங்க், மலைக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல வந்துடக் கூடாது.

சூரமங்கலம் எஸ்டிஆர்

ஓரத்துல சிக்னல் தடுமாறும்போது எண் பேஜர்ல ஒரு ஆபத்து. எழுத்து ஒண்ணு கெட்டா கண்ணு ஊகிச்சுக்கும். எண் கெட்டா 3, 8 ஆகி நம்பகமா உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் பிசிஹெச் பிழைத் திருத்தம் இருக்கு, மொத்தச் செய்திக்கு சரிபார்ப்பு எதுவும் இல்லை. அதனால நீங்களே ஒரு இலக்கம் சேருங்க. இடம் 07, வேலை 15, நேரம் 1830னா எல்லா இலக்கத்தையும் கூட்டினா 25, கடைசி இலக்கம் 5. அனுப்ப வேண்டியது 07-15-1830-5. ஒரு குறிச்சொல்லுக்கு 5 இலக்கம். இது 12 எழுத்து, மூணு சொல், மீதி மூணு இடம் இடைவெளி.

உங்க கேப்கோடோட 431ஐ 8ஆல வகுத்தா மீதி 7. (ஆயிரம் 8ஆல மீதியில்லாம வகுபடுறதால கடைசி மூணு இலக்கம் போதும்.) போக்சாக் ஒவ்வொரு தொகுப்பையும் 0 முதல் 7 வரை எட்டு ஃப்ரேமா பிரிக்கும், இந்த மீதிதான் ஃப்ரேம் எண். அதாவது உங்க முகவரி தொகுப்போட கடைசி ஃப்ரேம்ல போகும், செய்தி அடுத்த தொகுப்புக்கு வழியும். 576 பிட் முன்னோட்டம், 544 பிட் வீதம் ரெண்டு தொகுப்பு, 1200 பாட்ல மொத்தம் 1.4 நொடி. மீதி 0 வர்ற கேப்கோடுக்கு ஒரே தொகுப்பு, 0.93 நொடிதான். வளைவுல சிக்னல் ஒரு கணம் வந்து போற இடத்துல அந்த அரை நொடி கணக்குல வரும். பேஜர்ல கேப்கோட் மாத்த முடிஞ்சா மாத்திப் பாருங்க. 2007664 முதல் 2007671 வரை மட்டும் வேண்டாம், வெற்றுக் குறிச்சொல் (காலி இடத்தை நிரப்புறது) அங்கே உட்கார்ந்திருக்கு.

அஸ்தம்பட்டி அலை

பீரோ சோதனை முடிஞ்சுது. மைனஸ் 400க்குக் கீழே விடுது, பிளஸ் 1700க்கு மேலே விடுது. ஆஃப்செட் 650 வச்சேன். நாலு மீட்டர்ல ஐம்பதுக்கு ஐம்பது. எஸ்டேட் யோசனையை விட்டாச்சு, சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். மோர்ஸ் ஐடி போட்டாச்சு. மாடியில இருந்து மலை விளிம்பு தெரியுது, ஆனா குறுக்கே பக்கத்து வீட்டுத் தென்னை ரெண்டு. அது பாதிக்குமா?

ஏற்காடு அடிவாரம்

மட்டை நனைஞ்சிருந்தா 435ல நல்லாவே குடிக்கும். கம்பத்தை ரெண்டு மீட்டர் நகர்த்திப் பாருங்க, இல்லைன்னா மட்டைக்கு மேலே தூக்குங்க. மழை விட்ட மறுநாள் ஒரு தடவையும் வெயில்ல ஒரு தடவையும் லேடீஸ் சீட்டுல எண்ணிப் பார்த்துட்டு எண்ணிக்கையை இங்கேயே போடுங்க.