இலை கொடுக்காதவரும் பட்டியலில் வர வேண்டுமா? லெஃப்ட் ஜாயின் பற்றி ஒரு விவாதம்

இலைக்கணக்கு, கோத்தகிரி:
சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையின் கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். உறுப்பினர், கொள்முதல், முன்பணம் என்று மூன்று அட்டவணைகள். எனக்கு முன்பு இருந்தவர் மூன்றையும் இன்னர் ஜாயினால், அதாவது எல்லா அட்டவணையிலும் பதிவு உள்ளவரை மட்டும் காட்டும் இணைப்பால், கோத்து வைத்திருந்தார். ஜனவரி உறைபனியில் பள்ளத்துத் தோட்டங்களின் கொழுந்து கருகிப்போனதால் சிலர் அந்த மாதம் ஒரு கிலோகூடக் கொடுக்கவில்லை. அவர்கள் பெயர் மாதப் பட்டியலில் வரவேயில்லை. அவர்கள் கட்ட வேண்டிய உரக்கடன் தவணையும் பெயரோடு சேர்ந்து மறைந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராததால் இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே, ஆட்களைப் பற்றிய எந்த அறிக்கையும் உறுப்பினர் அட்டவணையை இடப்பக்கம் வைத்து, இடப்பக்கத்தில் உள்ள எல்லோரையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயினில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பழைய ஆரக்கிள், குன்னூர்:
தம்பி, ஆரக்கிள் தரவுதளத்தில் அடைப்புக்குறிக்குள் கூட்டல் குறி போட்டு அவுட்டர் ஜாயின் (லெஃப்ட் ஜாயினும் அதில் ஒரு வகைதான்) எழுதிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். தரவுதள மொழியான எஸ்கியூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்த எழுத்துமுறையை ஆரக்கிள் 9ஐ பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. அதுவரை எங்களுக்கு அந்தக் குறிதான் கதி. உங்கள் ஜனவரிப் பட்டியலுக்கு லெஃப்ட் ஜாயின் தேவை என்பதை மறுக்கவில்லை. "எந்த அறிக்கையும்" என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு கொள்முதல் சீட்டுக்கும் உறுப்பினர் இருந்தே தீர வேண்டும் என்று ஃபாரின் கீ எனும் கட்டுப்பாடு காவல் காக்கும் இடத்தில், சீட்டிலிருந்து உறுப்பினருக்கு லெஃப்ட் ஜாயின் எழுதினால், அடுத்து வந்து படிப்பவர் உறுப்பினரே இல்லாத சீட்டும் இருக்கும்போல என்று நினைத்து, அதற்கென்று நான்கு வரி கூடுதலாக எழுதி வைப்பார். இன்னர் ஜாயின்களின் வரிசையை இஷ்டம்போல் மாற்றி வேகமான வழியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் தரவுதள இயந்திரத்துக்கு உண்டு. அவுட்டர் ஜாயின் வந்துவிட்டால் அது குறைந்துவிடும்.

இலைக்கணக்கு, கோத்தகிரி:
ஃபாரின் கீ இருந்தால் நீங்கள் சொல்வது சரி, ஐயா. எங்களிடம் அது இல்லை. சேகரிப்புக் கொட்டகையில் அலைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. எடை போட்டுக் கையால் எழுதிய சீட்டு, மாலையில்தான் கணினியில் ஏறும். 417 என்பதை 471 என்று எழுதியிருந்தால், அப்படி ஓர் உறுப்பினரே இல்லை என்று சீட்டைத் திருப்பியனுப்ப வழியில்லை. இலை அதற்குள் லாரியேறித் தொழிற்சாலைக்குப் போயிருக்கும்.

பழைய ஆரக்கிள், குன்னூர்:
அந்த 471ஐ உங்கள் லெஃப்ட் ஜாயின் காட்டுமா? உறுப்பினர் இடப்பக்கம் இருக்கும்போது ஆளில்லாத சீட்டு வெளியேதான் நிற்கும். இரண்டு பக்கமும் தெரிய ஃபுல் அவுட்டர் ஜாயின் வேண்டும். அது மைஎஸ்கியூஎல் தரவுதளத்தில் இன்றும் இல்லை, எஸ்கியூலைட்டில் 2022இல்தான் வந்தது. எந்த அட்டவணை இடப்பக்கம் என்பதை ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக யோசிக்கத்தான் வேண்டும். பொதுவிதி போட்டால் அந்த யோசனை நின்றுவிடும்.

மஞ்சூர் மாணவி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஐயா இருவரும் லெஃப்ட் ஜாயின் எழுதிவிட்டாலே ஆள் விடுபடமாட்டார் என்பதுபோல் பேசுகிறீர்கள். பயிற்சியில் நான் லெஃப்ட் ஜாயின்தான் எழுதினேன்; கீழே, வந்த வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் கொள்முதல் மாதம் ஜனவரி என்று நிபந்தனை போட்டேன்; இலை கொடுக்காதவர்கள் மறுபடி மறைந்துவிட்டார்கள். அவர்களுக்கு மாதம் நல் (NULL), அதாவது மதிப்பே இல்லை, என்று இருக்கும், நல் ஜனவரிக்குச் சமம் ஆகாது என்பதால் வேர் அந்த வரிகளைத் தள்ளிவிடுகிறது என்று பிறகுதான் விளங்கியது. நிபந்தனையை, அட்டவணைகளை எப்படி இணைப்பது என்று சொல்லும் ஆன் (ON) பகுதிக்கு மாற்றியதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனாலும் எண்ணிக்கை எடுக்கும் கவுண்ட்டுக்குள் எல்லா வரியையும் எண்ணும் நட்சத்திரக் குறி போட்டிருந்ததால், ஒன்றுமே கொடுக்காதவருக்கும் ஒரு சீட்டு என்று எண்ணிக்கை வந்தது. சீட்டு எண்ணை எண்ணச் சொன்ன பிறகே பூஜ்ஜியம் கிடைத்தது.

பழைய ஆரக்கிள், குன்னூர்:
நன்றாகச் சொன்னாய், அம்மா. இன்னொன்றும் இருக்கிறது. ஓர் உறுப்பினர் 31, 28, 40, 22 கிலோ என்று நான்கு முறை இலை கொடுத்து, 2,000, 1,500 ரூபாய் என்று இருமுறை முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினரோடு இரண்டு அட்டவணையையும் நேராக லெஃப்ட் ஜாயின் செய்தால் எட்டு வரிகள் வரும். 121 கிலோ 242 ஆகும், 3,500 ரூபாய் முன்பணம் 14,000 ஆகும். விடுபட்டவரைக் கொண்டுவரப் போய், வந்தவரின் கடனை நான்கு மடங்காக்கிவிடுவோம்.

இலைக்கணக்கு, கோத்தகிரி:
என் வினவலில் அந்தக் குறை இருந்தது, இப்போதுதான் பார்த்தேன். கொள்முதலையும் முன்பணத்தையும் உறுப்பினர்வாரியாகத் தனித்தனியே கூட்டி முடித்து, ஆளுக்கு ஒரு வரியாக்கிய பிறகே ஜாயின் செய்யும்படி மாற்றிவிட்டேன். ஆளில்லாச் சீட்டுகளுக்குக் கொள்முதலை இடப்பக்கம் வைத்துத் தனி அறிக்கை தினமும் மாலையில் ஓடும். "எந்த அறிக்கையும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மாதப் பட்டியல் மட்டும் உறுப்பினரிலிருந்தே தொடங்கும், அதில் மாற்றமில்லை.

பழைய ஆரக்கிள், குன்னூர்:
அதை நான் கேட்கவும் இல்லை. இலை கொடுக்காதவரின் கிலோவுக்குப் பூஜ்ஜியம் போட்டுவிட்டு அந்தக் கட்டத்தில் சராசரி எடுத்துவிடாதீர்கள்; நல் என்றால் சராசரிக் கணக்கில் சேராது, பூஜ்ஜியம் சேர்ந்துவிடும்.