நிக்கோட்டின் பேட்ச் ஒட்டியும் சிகரெட் ஆசை அடங்கவில்லை: ஒன்பது நாள் அனுபவமும் சில கேள்விகளும்

கேள்வி: சிப்காட் ஷிப்ட்காரன், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது ஆகிறது. கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாள்களில் தொடங்கிய சிகரெட், இப்போது நாளொன்றுக்குப் பதினெட்டு என்ற கணக்கில் வந்து நிற்கிறது. கண் விழித்ததும் பல் துலக்குவதற்கு முன்பே முதல் சிகரெட்டைப் பற்றவைத்துவிடுவேன். மற்றவற்றை எப்படியாவது தள்ளிப்போட முடிகிறது. அந்த முதல் சிகரெட்டை மட்டும் என்னால் இன்றுவரை வெல்ல முடியவில்லை.

இதற்கு முன் மூன்று முறை வெறும் வைராக்கியத்தில் விட்டுப் பார்த்திருக்கிறேன். அதிகபட்சமாகப் பதினோரு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் முறை தோற்ற பிறகு ஒரு மருத்துவரைப் போய்ப் பார்த்தபோது, மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்ற ஒற்றை வரியோடு அவர் அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார். மனசு வைத்துத்தான் அவருடைய அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இந்த முறை நானே மருந்துக்கடைக்குச் சென்று நிக்கோட்டின் பேட்ச் கேட்டேன். கடையில் 14 மி.கி. மட்டுமே இருந்தது. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி, ஏழு பேட்ச் கொண்ட பெட்டி இரண்டைக் கொடுத்தார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு பேட்சின் விலை என் ஒரு நாள் சிகரெட் செலவைவிடக் குறைவு என்பதால் பணம் எனக்குப் பொருட்டல்ல. ஆனால் வேறு சிக்கல்கள் இருக்கின்றன.

ஆசை குறைந்திருக்கிறதே தவிர அடங்கவில்லை. ஆலைக்குள் வெக்கையும் வியர்வையும் சேர்ந்து பேட்சை உரித்துவிடுகின்றன. ஐந்தாம் நாள் சீருடையைக் கழற்றியபோது, அது என் கையில் இல்லாமல் சட்டையின் கைப்பகுதிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய இடத்தில் சதுரமாகச் சிவந்து அரிக்கிறது. உறக்கத்தில் விசித்திரமான கனவுகள் வருகின்றன. அவற்றில் பாதியில் நான் புகைத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டாம் நாள் மாலை ஆலை வாசல் டீக்கடையில் பேட்ச் கையில் இருக்கும்போதே ஒரு சிகரெட்டைப் புகைத்துவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் மாரடைப்பு வரும் என்று எங்கோ படித்த என் மனைவி, பேட்சைப் பிய்த்து எறியச் சொல்லிக் கண்ணீர் விடுகிறாள். இதைத் தொடரலாமா? அளவைக் கூட்ட வேண்டுமா? இரவு ஷிப்ட் வாரத்தில் எந்த நேரத்தில் ஒட்டுவது? அனுபவப்பட்டவர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

பதில்: முதலியார்பேட்டைக்காரர், புதுச்சேரி

தம்பி, வணக்கம். எனக்கு 58 வயது. 2019இல் பேட்ச் வைத்துத்தான் விட்டேன். அதற்கு முன் முப்பது ஆண்டுகள் புகைத்தவன் என்பதால் நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட எனக்குப் புதிதல்ல. கனவு உட்பட.

ஒரு சிகரெட் புகைத்ததற்காகப் பேட்சை எறிந்துவிடாதீர்கள். நானும் நான்காம் வாரத்தில் சறுக்கினேன். அன்றைக்கே எல்லாம் போயிற்று என்று எண்ணி ஒரு சிகரெட் பெட்டியையே வாங்கியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மறுநாள் காலை புதிய பேட்சை ஒட்டிக்கொண்டு, சறுக்கிய இடம் எது என்று யோசித்தேன். அது மதுக்கடை. எங்கள் ஊரில் அதைத் தவிர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை உங்கள் பக்கத்திலிருந்து முள்ளோடை எல்லையைத் தாண்டி வருகிறவர்கள் அறிவார்கள். முதல் மூன்று மாதம் நண்பர்களோடு அங்கே உட்காருவதில்லை என்று முடிவெடுத்தேன். இரண்டு நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள், பிறகு சரியாகிவிட்டார்கள்.

உங்களுக்கு அந்த இடம் டீக்கடைதான் என்று தோன்றுகிறது. டீயை விட வேண்டியதில்லை, கடையை மாற்றுங்கள். கண்ணாடிப் புட்டிகளுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். நான் ஆறு வாரம் ஃபிளாஸ்கில் வீட்டு டீயைத்தான் எடுத்துச் சென்றேன்.

இன்னொன்று. சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தோடு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் அச்சிடப்பட்டிருக்கும். 2018 முதல் அது பெட்டியில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை பெட்டியைத் திறந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. அழைத்தால், விடும் நாளைக் குறித்துக்கொண்டு அதற்குப் பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிக்கிறார்கள். என்னிடம் பேசிய பெண் தமிழிலேயே பேசினார். நாளைக்கு அவர் அழைப்பாரே என்ற வெட்கம் ஒன்றுக்காகவே இரண்டு நாள்களைக் கடத்தியிருக்கிறேன்.

பதில்: மருந்தாளுநர், திருப்பாதிரிப்புலியூர்

வணக்கம் ஐயா. பதினாறு ஆண்டுகளாக மருந்துக்கடையில் இருக்கிறேன். எல்லாம் ஒன்றுதான் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இருபத்து நான்கு மணி நேரப் பேட்ச் 21, 14, 7 மி.கி. என மூன்று அளவுகளில் வருகிறது. நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர்கள் 21 மி.கி. அளவில் தொடங்கி ஆறு வாரமும், பிறகு 14இல் இரண்டு வாரமும், 7இல் இரண்டு வாரமும் ஒட்டுவது வழக்கமான முறை. வாரக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும். பத்து அல்லது அதற்குக் கீழ் புகைப்பவர்கள்தான் 14இல் தொடங்க வேண்டும். பதினெட்டு சிகரெட் பழகிய உடம்புக்கு 14 போதாமல் போனதை உங்கள் மன உறுதியின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம், கையிருப்பில் உள்ள 14ஐ இரண்டாக ஒட்டிக்கொண்டால் 28 ஆகிவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். பேட்சைக் கத்தரித்தும் ஒட்டக் கூடாது. மருத்துவரைப் பார்த்து 21க்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் இதைக் கேட்கலாம்.

அளவு சரியானாலும் பேட்ச் மட்டும் எல்லா ஆசையையும் அடக்கிவிடாது. சிகரெட்டை இழுத்தால் நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. பேட்சிலிருந்து தோல் வழியாக அது மெல்லக் கசிந்து, இரத்தத்தில் நிறைவதற்குப் பல மணி நேரம் ஆகிறது. நாள் முழுவதும் இருக்கும் எரிச்சலையும் பதற்றத்தையும் பேட்ச் தணிக்கும். திடீரென்று எழும் ஆசைக்கு நிக்கோட்டின் மெல்லும் பசை உதவும். பேட்ச் மட்டும் போடுபவர்களைவிட இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்களே அதிகமாக வெற்றி பெறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அந்தப் பசையைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளக் கூடாது. காரம் நாக்கில் தெரியும்வரை மெதுவாக மென்று, வெற்றிலை பாக்கை ஒதுக்கிக்கொள்வதுபோலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிவைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். வாயில் புளிப்போ டீ, காபியோ இருந்தால் மருந்து சேராது என்பதால், டீ குடித்துக் கால் மணி நேரம் கழித்தே வாயில் போடுங்கள். விழித்ததும் வரும் அந்த முதல் ஆசைக்கு, வாய் கொப்புளித்துவிட்டு இதை மெல்லலாம்.

இப்போது உங்கள் துணைவியாரின் அச்சத்துக்கு வருகிறேன். பேட்ச் போட்டுக்கொண்டு புகைக்க வேண்டாம் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பது உண்மை. ஆனால் ஒரு முறை சறுக்கியதால் மாரடைப்பு வந்துவிடும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பெருமளவில் கெடுப்பது புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் அதனோடு வரும் ஆயிரக்கணக்கான பிற வேதிப்பொருள்களும்தான். பேட்சில் அவை எதுவும் இல்லை. ஆகவே சறுக்கினால் விட வேண்டியது சிகரெட்டை, பேட்சை அல்ல. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்விலும் நெஞ்சு வலிப்பவர்கள், இதயத் துடிப்பு சீரற்று இருப்பவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. குமட்டல், தலைச்சுற்றல், படபடப்பு, குளிர்வியர்வை வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்; உடனே பேட்சை எடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வியர்வைக்கு வருவோம். குளித்து நன்றாகத் துடைத்து, தோல் முழுவதும் உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய்க் குளியல் எடுக்கிற நாளில் சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். முழங்கைக்கு அருகில் ஒட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். முடியில்லாத மேல்முதுகு, மேல்கையின் வெளிப்புறம், மார்பின் மேற்பகுதி ஆகியவையே ஏற்ற இடங்கள். உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, ஓரங்களில் மருந்துக்கடைக் காகிதப் பிளாஸ்திரியை ஒட்டினால் உங்கள் ஆலை வெக்கையையும் தாங்கும். கொதிகலன் அருகில் நெடுநேரம் நிற்பவராக இருந்தால் சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அரிப்புக்கு, தினமும் இடத்தை மாற்றி, ஒரே இடத்துக்கு ஒரு வாரம் கழித்தே திரும்புங்கள். கொப்புளமோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவு ஷிப்டில் குழம்ப வேண்டாம். கடிகாரத்தில் மணி எத்தனை என்று பார்க்காமல், நீங்கள் விழிக்கும் நேரத்தையே காலை என்று கொள்ளுங்கள். பகலில் உறங்கி மாலை நான்கு மணிக்கு எழுந்தால் அப்போது ஒட்டி, மறுநாள் காலை உறங்கப் போகுமுன் எடுத்துவிடுங்கள். உறங்கும்போது பேட்ச் இல்லாவிட்டால் கனவுத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

எடுத்த பேட்சிலும் மருந்து மீதமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து, குழந்தைகளுக்கு எட்டாமல் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள்? புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி டீ, காபியின் கஃபீனை வேகமாக வெளியேற்றுகின்றன. புகையை விட்டதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு டீ உடம்பில் நெடுநேரம் தங்கும். பேட்ச் இதை ஈடுசெய்யாது. உறக்கமின்மைக்கும் படபடப்புக்கும் பேட்சைக் குறை சொல்பவர்கள் பலர், உண்மையில் டீயைக் குறைக்க வேண்டியவர்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரையோ, மனநலச் சிகிச்சைக்குக் குளோசாபின், ஓலன்சாபின் போன்றவையோ எடுப்பவர்கள் புகையை விடப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

பதில்: நெல்லிக்குப்பத்தான்

எல்லோரும் பேட்சைப் புகழ்வதால் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். எந்த மருந்தும் இல்லாமல் ஒரே நாளில் விட்டவன் நான். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நிக்கோட்டினை விடுவதற்கு நிக்கோட்டினையே ஒட்டிக்கொள்வது, கடனை அடைக்கக் கடன் வாங்குவது போலத்தானே?

பதில்: மருந்தாளுநர், திருப்பாதிரிப்புலியூர்

உங்களைப் போல் விட்டவர்கள் பலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கேள்வி கேட்டவர் அந்த வழியில் மூன்று முறை போய்த் திரும்பியவர் என்பதைக் கவனியுங்கள். கடன் உவமையையே எடுத்துக்கொண்டால், இது கந்துவட்டிக் கடனை அடைக்க வங்கியில் தவணைக் கடன் வாங்குவது போன்றது. தவணை பத்து வாரத்தில் முடிந்துவிடும். நிக்கோட்டின் மாற்று மருந்துகள் விடும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. 2009இலேயே உலக சுகாதார நிறுவனம் அவற்றைத் தன் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பதில்: தேவனாம்பட்டினம் சகோதரி

என் கணவர் கடலுக்குப் போகிறவர். சிகரெட் இல்லை, பீடிதான், நாளைக்கு ஒரு கட்டு. பீடி சிறியதுதானே என்று குறைந்த அளவுப் பேட்ச் போதுமா?

பதில்: மருந்தாளுநர், திருப்பாதிரிப்புலியூர்

அளவில் சிறியது என்று பீடியைக் குறைவாக எடைபோடாதீர்கள், அம்மா. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் நிக்கோட்டின் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகிறது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, ஒரு கட்டில் எத்தனை பீடி என்பதையும், விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்பதையும் சொல்லுங்கள். அளவை முடிவுசெய்ய அந்த இரண்டும்தான் முக்கியம்.

மீண்டும்: சிப்காட் ஷிப்ட்காரன், கடலூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அரசு மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்த்து, இதயத் துடிப்பைப் பதிவுசெய்து, 21 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள், மெல்லும் பசையும் சேர்த்து. அந்த மருத்துவர் மருந்தாளுநர் சொன்னதையே சொன்னபோது என் மனைவியும் உடன் இருந்தாள். இப்போது பேட்சை முதுகில் ஒட்டிவிடுவதும், பத்துவரை எண்ணி அழுத்துவதும் அவள்தான். எண்ணிக்கையைச் சத்தமாகவே சொல்கிறாள்.

டீ நாளைக்கு எட்டு குடித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்காகக் குறைத்த பிறகு உறக்கம் பரவாயில்லை. கனவு எப்போதாவது வருகிறது. பதினெட்டு நாளாக ஒரு சிகரெட்டும் இல்லை. ஆலை வாசலில் நிற்காமல் நேராகப் பேருந்துக்குப் போய்விடுகிறேன். இரண்டு பேர் ஏன் ஒதுங்கிப் போகிறாய் என்று கேட்டார்கள், ஒருவர் தனியாக அழைத்து அந்த மருந்தின் பெயரை எழுதித் தரச் சொன்னார். அவருக்கு உங்கள் பதில்களை அப்படியே அனுப்பிவிட்டேன்.

முதலில் தவறாக வாங்கிய 14 மி.கி. பேட்ச்களில் ஐந்து மீதம் இருக்கின்றன. ஏழாவது வாரத்தில் அந்த அளவுக்கு இறங்கும்போது பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டேன்.