பேச்சு சுத்தம், ஆனால் நடந்ததைச் சொல்லத் தெரியவில்லை

கேள்வி (குழந்தைகள் மனநல ஆலோசகர், மதுரை)
வீட்டில் அடிதடி பார்த்து வளர்ந்த ஒன்பது வயதுப் பையன். எது கேட்டாலும் "தெரியல", சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறான். பயத்தில் மூடிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன், ஆனால் போன வாரம் விளையாடிய கபடி ஆட்டத்தைக்கூட அவனால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. உச்சரிப்பில் குறையில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பலாமா?

பதில் (பேச்சு மொழிச் சிகிச்சையாளர்)
கட்டாயம் அனுப்புங்கள் மேடம். உச்சரிப்பு மட்டும் எங்கள் வேலை இல்லை. பயமில்லாத விஷயத்தையும் கோத்துச் சொல்ல முடியவில்லை என்றால் மொழியிலேயே சிக்கல் இருக்கலாம். வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, அதாவது மொழியைப் புரிந்துகொள்வதிலும் கோத்துப் பேசுவதிலும் சிறுவயதிலிருந்தே இருக்கும் சிரமம், நூறு குழந்தைகளில் சுமார் 7 பேருக்கு உண்டு, வெளியே தெரியாது, அடங்காதவன் என்ற பெயர்தான் மிஞ்சும். நடந்ததைக் கதையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை இவர்களுக்கு மலையேறுவது மாதிரி. முதலில் காது பரிசோதனை. அப்புறம் நம் கேள்விகளையும் பார்க்க வேண்டும்: "அப்பா கத்தினப்ப பயந்தியா, கோபமா, அதான் ஓடினியா" என்று ஒரே மூச்சில் மூன்று கேட்கிறோம். ஒன்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முதலில், அப்புறம், கடைசியில் என மூன்று கட்டம் போட்டு வரையச் சொல்லுங்கள்.

பதில் (காப்பக ஆலோசகர்)
எங்களிடம் ஒரு பெண்ணுக்கு "கோபம்" தவிர வேறு உணர்ச்சிச் சொல்லே கிடையாது. சிகிச்சையாளர் படம் காட்டி ஏமாற்றம், பொறாமை, கூச்சம் எல்லாம் பழக்கினார். இரண்டு மாதம் கழித்து அவளாகவே வந்து, "கோபம் இல்லக்கா, அம்மா வரேன்னு சொல்லி வரல, ஏமாந்துட்டேன்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கேட்டவர்
நன்றி. நாளைக்கே காது பரிசோதனைக்கு எழுதுகிறேன்.