மாடியில் இணையம் வருகிறது. கீழே உள்ள பிரிண்டர் மட்டும் தெரியவில்லை

மாடிவாசி:

அனைவருக்கும் வணக்கம். இணைய நிறுவனம் பொருத்திக் கொடுத்த ஃபைபர் பெட்டி எங்கள் வீட்டில் தரைத்தளக் கூடத்தில் இருக்கிறது. வைஃபையும் அதிலிருந்தே வருகிறது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி முதல் மாடிக்கு வரும்போது சிக்னல் ஒரு கோடாகக் குறைந்துவிடுவதால், புதிய ரவுட்டர் ஒன்று வாங்கி, எலக்ட்ரீஷியன் மூலம் கேபிள் இழுத்து, கீழே பெட்டியின் லேன் (LAN) போர்ட்டையும் மேலே ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டையும் இணைத்தேன். மாடியில் இணையம் இப்போது நன்றாக வருகிறது. ஆனால் கீழே இருக்கும் வைஃபை பிரிண்டர் மாடியில் உள்ள மடிக்கணினியில் தெரிவதே இல்லை. கீழே இருந்து கைபேசியில் ஓடும் படத்தை மாடி டிவிக்கு அனுப்பவும் முடியவில்லை. திட்டத்தின் வேகம் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) என்றாலும் மேலே 94-க்கு மேல் ஏறுவதில்லை. எப்படிச் சரிசெய்வது என்பதோடு ஏன் இப்படி ஆகிறது என்றும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கம்பித்தடம்:

வணக்கம் நண்பரே. உங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஒரு நெட்வொர்க் அல்ல, இரண்டு. கீழே இணைந்த கைபேசியில் வைஃபை விவரங்களைத் திறந்து ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கு உள்ள எண் முகவரியைப் பாருங்கள். பிறகு மாடி வைஃபையில் இணைந்து மறுபடி பாருங்கள். கீழே 192.168.1.5 என்பதுபோலவும் மேலே 192.168.0.5 என்பதுபோலவும் இருந்தால், நான் சொல்வது உறுதியாகிவிடும்.

ரவுட்டர் என்பது இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே நின்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டிய தகவலை மட்டும் கடத்திவிடும் கருவி. வேன் போர்ட் அதற்கு வெளியுலகம். லேன் போர்ட்டுகளும் அதன் வைஃபையும் உள்வீடு. வீட்டுக்குள் பயன்படும் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் இணையத்தில் செல்லாது என்பதால், வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் உள்முகவரியை நீக்கிவிட்டுத் தன் முகவரியை எழுதி அனுப்பி, வரும் பதிலை உரிய கருவிக்குத் திருப்பிக் கொடுப்பதும் ரவுட்டரின் வேலையே. இதற்கு நாட் என்று பெயர். உங்கள் ஃபைபர் பெட்டி ஏற்கெனவே இதைச் செய்கிறது. மாடி ரவுட்டரோ கீழ்வீட்டையே வெளியுலகம் என்று நினைத்துக்கொண்டு, அதே வேலையை இரண்டாம் முறை செய்கிறது.

இணையத் தளங்களைப் பார்க்க இது தடையாவதில்லை; ஆகவேதான் பலர் வீடுகளில் இந்த அமைப்பு கவனிக்கப்படாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரைத் தேடும்போதுதான் சிக்கல் வெளிப்படும். மடிக்கணினி, "இங்கே பிரிண்டர் எதுவும் உண்டா?" என்று தன் நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் கேட்கும்படி ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. அத்தகைய பொது அறிவிப்புகளை ரவுட்டர் எல்லை தாண்ட விடாது. பிரிண்டரின் ஐபி முகவரியை நேரடியாகக் கொடுத்தால் மாடியிலிருந்து அச்சிட முடியும் என்பதையும் சோதித்துப் பாருங்கள். கீழிருந்து மேலே போவதற்கு அந்த வழியும் கிடையாது. உள்ளிருந்து தொடங்காத இணைப்பை மாடி ரவுட்டர் ஏற்பதில்லை. டிவிக்குப் படம் போகாததன் காரணம் இந்த இரண்டுமே.

தீர்வு எளிது: வீட்டில் ரவுட்டர் வேலையை ஒரே கருவி பார்க்கட்டும், மற்றது வைஃபை கொடுக்கும் வேலையோடு நிற்கட்டும். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அக்சஸ் பாயின்ட் மோடு' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லையென்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் மாடி ரவுட்டரின் லேன் முகவரியை, கீழ்ப்பெட்டி பிறருக்கு வழங்காத ஒன்றாக, உதாரணமாக 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ்ப்பெட்டியின் முகவரி 192.168.1.1 என்று கொண்டு இதைச் சொல்கிறேன். சேமித்த பிறகு புதிய முகவரியில் மீண்டும் உள்ளே போய், முகவரி வழங்கும் டிஎச்சிபி (DHCP) வசதியை அணைத்துவிடுங்கள். கடைசியாக, வேன் போர்ட்டில் செருகிய கேபிளைக் கழற்றி ஏதேனும் ஒரு லேன் போர்ட்டில் செருகுங்கள்.

டிஎச்சிபியை அணைக்க மறந்துவிடாதீர்கள். புதிதாக இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியையும், வெளியே போகும் வாசல் எது என்பதையும் சொல்வது அதுதான். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கருவிகள் அதைச் செய்தால், எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் பேச்சைக் கருவிகள் கேட்கும். ஒருவருக்கு இணையம் வரும், பக்கத்தில் இருப்பவருக்கு வராது. காரணம் கண்டுபிடிக்க மிகவும் எரிச்சலூட்டும் கோளாறு அது.

வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டு தளங்களிலும் ஒன்றாகவே வைக்கலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் கீழே சேனல் 1, மேலே 6 அல்லது 11 என்று பிரித்து வைத்தால் ஒன்றோடொன்று மோதாது.

செம்புக்கம்பி:

மேலே சொன்னது முழுவதும் சரி. 94 என்ற எண்ணைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் (கேபிள்) இணைப்பில், ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் சேர்ந்து போகும் தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சும் வேகம் ஏறக்குறைய அதுதான். ஆகவே உங்கள் கேபிள் ஜிகாபிட்டில் (1000 எம்பிபிஎஸ்) ஓடவில்லை.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உள்ளன. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி கனெக்டரில் சரியாக அழுந்தாமல் போனால் இணைப்பு அறுந்துபோவதில்லை. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இரு முனைகளிலும் கண்ணாடி போன்ற அந்த ஆர்ஜே 45 கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து, கம்பிகள் எட்டும் முன்விளிம்பு வரை வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதுவே இருக்கவேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் வேகம் ஏறவில்லை என்றால், ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையா என்று அதன் பெட்டியில் பாருங்கள். மலிவான மாடல்களில் இது இன்னமும் உண்டு.

கேபிளை மாற்ற நேர்ந்தால், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதை வாங்காமல், முழுச் செம்பாலான 'கேட் 6' (Cat 6) வகைக் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். மின்வயர் போகும் அதே குழாயில் எலக்ட்ரீஷியன் இதையும் திணிக்க வந்தால் அனுமதிக்காதீர்கள். அது பாதுகாப்பு சார்ந்த விஷயம்.

மாடிவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். பிரிண்டர் தெரிகிறது, டிவியிலும் படம் வருகிறது. மேல் முனையில் பழுப்புக் கம்பி பாதியிலேயே நின்றிருந்தது. புதிய கனெக்டர் போட்டதும் வேகம் 190-ஐத் தாண்டியது. இன்னொரு ஐயம்: வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காகக் கீழ்ப்பெட்டியில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்தும் பலனில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கம்பித்தடம்:

தொடர்பில்லை. ஃபைபர் பெட்டியின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரியாக இருந்தால், உங்கள் நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். ஐபிவி4 எனும் பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான் என்பதால் இப்படிப் பகிர்கிறார்கள். அந்த நாட் உங்கள் கையில் இல்லாதபோது, வீட்டுப் பெட்டியில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு அங்கே வந்து சேராது. நிறுவனத்திடம் நிலையான பொது முகவரிக்குத் தனிக்கட்டணம் செலுத்தலாம். அல்லது கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கலாம். செயலியில் கேமராதான் உள்ளிருந்து இணைப்பைத் தொடங்குகிறது என்பதால் அது தடைபடாது.

எந்த வழியானாலும், திறந்துவைத்த போர்ட்டை இப்போதே மூடிவிட்டு, கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.