ரெட் ட்வார்ஃப் மறுவரவு: எங்கிருந்து தொடங்குவது?

மக்களே, ரெட் ட்வார்ஃப் என்ற பிரிட்டிஷ் விண்வெளி நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். 1988ல் பிபிசி 2ல் தொடங்கி 1999 வரை வந்த எட்டு சீசனையும் முடித்துவிட்டேன். எட்டாவதின் கடைசியில் ஒரு நுண்ணுயிர் விண்கப்பலையே தின்றுகொண்டிருக்கிறது, கப்பலில் இருக்கும் ரிம்மர் எமனையே எட்டி உதைத்துவிட்டு ஓடுகிறான், அவ்வளவுதான், அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் பத்து வருடம் கழித்து, 2009ல், டேவ் சேனல் இதைத் தூசி தட்டி எடுத்து மூன்று பாகமாக பேக் டு எர்த் போட்டது. அதைத் தொடங்கினால் எல்லோரும் ஒன்றுமே நடக்காத மாதிரி அதே கப்பலில் இருக்கிறார்கள்! பார்வையாளர் சிரிப்பொலியும் இல்லை, எனக்கு அது ஏதோ சோகப்படம் மாதிரி இருந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன்.

2012ல் வந்த பத்தாவது சீசனில் (பேக் டு எர்த்தைத்தான் ஒன்பதாவதாகக் கணக்கு வைக்கிறார்கள்) மறுபடி பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள் என்பதால் நேரே அதற்குத் தாவலாமா? இல்லை, பேக் டு எர்த்தை முடித்தால்தான் நாயகன் லிஸ்டர் காதலிக்கும் கொச்சான்ஸ்கியின் விஷயம் புரியுமா? கப்பல் எப்படித் தப்பியது என்று பின்னால் எங்காவது சொல்கிறார்களா, ஆம் இல்லை மட்டும் போதும், கதையை உடைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, என் தங்கையும் கூட உட்காரப் போகிறாள். லிஸ்டரின் லிவர்பூல் பேச்சு அவளுக்குச் சுத்தமாகப் பிடிபடாது. 2020ல் வந்த தி ப்ராமிஸ்ட் லேண்ட் படம் வரை சப்டைட்டிலோடு இந்தியாவில் முறைப்படி எங்கே கிடைக்கும்? டிவிடி என்றாலும் சரி.